மரை தேய்ந்த துளையும் அப்பாவின் ஈஸ்வராவும்

எஸ்பிஎம் தேர்வு எழுதி முடித்துவிட்டு, முடிவுக்காகக் காத்திருந்த நேரம். மாசாயில் எங்கள் தாமானில் என்னோடு படித்தவர்களில் சிலர் பேரங்காடிகளில் பகுதி நேர வேலைக்குப் போனார்கள். சிலர் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை தேடினார்கள். நான் வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது கூச்சமாக இருந்தது. வீட்டுச் செலவில் ஏதாவது மிச்சம் பிடித்துக் கொடுக்கலாமே என்று யோசித்தபோது, வாசலில் நின்ற அப்பாவின் புரோட்டோன் சாகா ஈஸ்வரா கண்ணில் பட்டது.

ஈஸ்வரா என்றதும் நம்மவர்களுக்குச் சிவபெருமான்தான் நினைவுக்கு வருவார். பாப்பிலியோ ஈஸ்வரா என்று ஒரு பெரிய கறுப்பு வண்ணத்துப்பூச்சியும் இருக்கிறது. 1985-இல் வந்த முதல் சாகாவின் தம்பியாக 1992-இல் வெளிவந்த கார் அது. எங்கள் வீட்டில் இருந்தது 1.3 லிட்டர் மிட்சுபிஷி என்ஜின் பொருத்திய வண்டி. எனக்கும் மூத்தது. அப்பா அதில்தான் பாசீர் கூடாங் தொழிற்சாலைக்கு ஷிப்ட் வேலைக்குப் போவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரும் அவரோடு ஏறிக்கொள்வார்கள். மூன்று வீட்டு அடுப்பும் அந்தக் காரை நம்பித்தான் எரிந்தது.

மலாய்க்காரர்கள் ‘மிஞ்ஞாக் ஹீத்தாம்’ என்று சொல்லும் என்ஜின் எண்ணெயை நானே மாற்றினால் கூலி மிச்சம். காணொளிகளில் பத்து நிமிட வேலையாகத்தான் காட்டினார்கள். வண்டிக்கு அடியில் போய், எண்ணெய்த் தொட்டியின் அடிப்பகுதியில் இருக்கும் நட்டைக் கழற்றி, பழைய எண்ணெயை வடித்து, பில்டரை மாற்றி, நட்டைத் திரும்பப் பூட்டி, மேலே புது எண்ணெய் ஊற்ற வேண்டும். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா தூங்கிக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தேன். நட்டு அசையவில்லை. முன்பு எண்ணெய் மாற்றிய யாரோ காற்றுத் துப்பாக்கியால் இறுக்கியிருக்க வேண்டும். 17-ஆம் நம்பர் ஸ்பேனரின் பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் செருகிப் பலங்கொண்ட மட்டும் தள்ளினேன். கிறீச்சென்று கழன்றது. வெற்றிக் களிப்பு. எண்ணெய் வடிந்தது. பில்டரை மாற்றினேன். நட்டைக் கையால் திருகி ஏற்றினேன். பிறகு ஸ்பேனரை எடுத்தேன். குழாய் அதிலேயே செருகியிருந்தது. கழற்றி வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

ஒழுகிவிடக் கூடாதே என்ற பயத்தில் ஒரு இழுப்பு இழுத்தேன். இன்னும் ஒரு இழுப்பு. மூன்றாவது இழுப்பில் அதுவரை கையை எதிர்த்துக்கொண்டிருந்த நட்டு, சட்டென்று வெண்ணெயில் சுற்றுவதுபோல் இலேசாகச் சுற்றியது. அந்த ஒரு நொடியை இன்றுவரை என் மணிக்கட்டு மறக்கவில்லை. நட்டை வெளியே எடுத்தால், அதன் மேல் ஸ்பிரிங்போல ஒரு மெல்லிய உலோகச் சுருள் சுற்றிக்கொண்டு வந்தது. துளையின் உள்மரை அது. போமென்கள் ‘திரெட்’ என்று சொல்வது. ‘அவனுக்கு மரை கழன்றுவிட்டது’ என்று பைத்தியக்காரத்தனம் செய்பவனைச் சொல்வோமே, அந்த மரைதான். அன்று காருக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் கழன்றது.

அதற்குப் பிறகு செய்ததுதான் பெரிய தப்பு. குழாய் வேலைக்குப் பயன்படுத்தும் வெள்ளை நாடாவை நட்டைச் சுற்றி ஏழெட்டுச் சுற்று சுற்றி, துளையில் அழுத்தித் திருகிவிட்டேன். புது எண்ணெயை ஊற்றினேன். அடியில் ஓர் அட்டையை விரித்தேன். அரை மணி நேரத்துக்கு ஒரு சொட்டு. பரவாயில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அப்பாவிடம், “மாத்திட்டேன்பா” என்று மட்டும் சொன்னேன். “கெட்டிக்காரன்டா” என்றார்.

இரவு தூக்கம் வரவில்லை. இரண்டு முறை டார்ச் எடுத்துக்கொண்டு போய் அட்டையைப் பார்த்தேன். இரண்டாவது முறை பார்த்தபோது சொட்டுகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஒரு ரொட்டிச் சானாய் அளவுக்குக் கறை படர்ந்திருந்தது. நிற்கிற வண்டியில், ஆறிய எண்ணெயே இப்படி ஒழுகினால், நெடுஞ்சாலையில் என்ஜின் சூடாகி, எண்ணெய் தண்ணீராக இளகி, வண்டி அதிர ஆரம்பித்தால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். என்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் நேரடியாக உரசுவதில்லை. இரண்டுக்கும் நடுவில், நம் தலைமுடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்கிறது. பம்பு அடித்தட்டிலிருந்து எண்ணெயை உறிஞ்சி, பில்டர் வழியாக அழுத்தத்தோடு அங்கே அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணெய் தீர்ந்தால் படலம் அறுந்துபோகும். உலோகமும் உலோகமும் உரசிச் சில நிமிடங்களில் ஒட்டிக்கொள்ளும். ஓடுகிற வண்டியில் என்ஜின் இறுகி நின்றுவிடும். டேஷ்போர்டில் எண்ணெய்க் குடுவை வடிவில் ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறதே, அது எச்சரிக்காதா என்று கேட்கலாம். அந்த விளக்கு எண்ணெயின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. அது எரியும்போது பம்பு ஏற்கெனவே காற்றை உறிஞ்ச ஆரம்பித்திருக்கும். இதெல்லாம் அன்று எனக்கு முழுதாகத் தெரியாது. ஆனால் நடுச்சாலையில் கார் நின்று, பின்னால் லோரி வருவதாக ஒரு காட்சி மட்டும் மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தது.

காலை நாலரை மணிக்கு அப்பா குளித்துவிட்டு வந்தபோது சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. டார்ச்சை வாங்கிக்கொண்டு போய்க் குனிந்து பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் போன் செய்து அன்று கார் வராது என்று சொன்னார். அவர்களில் ஒருவரின் மோட்டார்சைக்கிளில் ஏறிக்கொண்டார். கிளம்பும்போது, “போமென்கிட்ட போய் நீயே சொல்லு. என்ன செய்யிறாருன்னு நின்னு பாரு” என்றார். திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

16 கிலோ எங்கே, 5 டன் எங்கே?

எங்கள் தாமான் கடைவரிசைக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் போமெனை எல்லாரும் ‘மாமா’ என்றுதான் கூப்பிடுவோம். பதினாறு வயதில் ஒரு சீனத் தவுக்கேயிடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்து வேலை பழகியவர். வீட்டுக்கே வந்து, நான் கையில் வைத்திருந்த உலோகச் சுருளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“எதுல இறுக்கின?”

குழாயைக் காட்டினேன்.

“இதுல நட்டு மட்டும் இல்ல தம்பி, தண்டவாளமே கழண்டுக்கும்.”

அடுத்ததாகக் கேட்டது, வண்டியை எதில் தூக்கினாய் என்று. ஜாக் என்றேன். அதற்குத்தான் உண்மையிலேயே கோபப்பட்டார். ஜாக் என்பது டயர் மாற்றுவதற்கு. அதை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருவரும் போகக் கூடாது. ஸ்டாண்ட் இல்லையென்றால் அடியில் படுக்கவே கூடாது. “மரை போனா நான் செஞ்சு தருவேன். நெஞ்சு போனா?” என்றார். வீட்டில் இதை முயற்சி செய்ய நினைப்பவர்கள் இந்த ஒரு வரியையாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது டிப்ளோமா படிக்கும்போதுதான் நான் செய்ததைக் கணக்குப் போட்டுப் பார்க்க முடிந்தது. அந்த நட்டின் அளவு எம்14 பெருக்கல் 1.5. அதாவது வெளிவிட்டம் 14 மில்லிமீட்டர், ஒரு சுற்றுச் சுற்றினால் 1.5 மில்லிமீட்டர் முன்னேறும். செங்கோண முக்கோணமாக ஒரு காகிதத்தை வெட்டிப் பென்சில் மேல் சுற்றிப் பாருங்கள். அதன் சாய்ந்த ஓரம்தான் மரை. திருகு என்பது ஒரு தண்டைச் சுற்றி வளைத்த சாய்தளம்.

இனி 25 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரைப் பிடித்து ஒரு சுற்று சுற்றினால், கை ஏறக்குறைய 157 சென்டிமீட்டர் பயணம் செய்கிறது. நட்டு முன்னேறுவதோ 1.5 மில்லிமீட்டர். ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். உராய்வு மட்டும் இல்லாவிட்டால் நம் கைவிசை ஆயிரம் மடங்காகப் பெருகிவிடும். உண்மையில் நாம் கொடுக்கும் முறுக்குவிசையில் பத்தில் ஒன்பது பங்கை உராய்வு சாப்பிட்டுவிடும். மிச்சமுள்ள ஒரு பங்குதான் நட்டை இழுத்துப் பிடிக்கிறது. அந்த ஒரு பங்கே எவ்வளவு தெரியுமா?

இந்த என்ஜினின் எண்ணெய் நட்டுக்குச் சொல்லப்படும் அளவு சுமார் 39 நியூட்டன் மீட்டர். 25 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் 16 கிலோ எடையைத் தொங்கவிட்டால் போதும். ஒரு கையால் கொடுக்கக்கூடிய விசை. அதில் நட்டுக்குள் உண்டாகும் இழுவிசை தோராயமாக 1.4 டன். ஈஸ்வரா காரே ஒரு டன்னை எட்டாது. அதாவது, மொத்தக் காரையும் அந்த ஒரு நட்டில் தொங்கவிட்டாலும் அதைவிட அதிக விசையில் அது ஏற்கெனவே இறுகியிருக்கிறது. ஒழுகாமல் இருக்க அது தாராளம்.

நான் என்ன செய்தேன்? குழாயோடு சேர்த்து 50 சென்டிமீட்டர் நீளம். உடம்பைச் சாய்த்து ஒரு 30 கிலோ எடைக்குத் தள்ளியிருப்பேன் என்று வைத்துக்கொள்வோம். 147 நியூட்டன் மீட்டர். தேவையானதைப்போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. இழுவிசை 5 டன்னைத் தாண்டும். அதுவும் ஏற்கெனவே பலமுறை அதிகமாக இறுக்கப்பட்டுக் களைத்துப்போன மரையின்மேல். போதாதற்கு நட்டில் எண்ணெய் வேறு. எண்ணெய் உராய்வைக் குறைப்பதால் அதே தள்ளலுக்கு இழுவிசை இன்னும் கூடும்.

இன்னொன்றையும் மாமா காட்டினார். சுமையை எல்லா மரைகளும் சமமாகப் பங்குபோட்டுக்கொள்வதில்லை. நட்டின் தலைக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் இரண்டு மூன்று மரைகள்தாம் பெரும்பங்கைச் சுமக்கின்றன. அவை அறுந்தால் சுமை அடுத்ததன்மேல் விழும். அதுவும் அறும். ஜிப் திறப்பதுபோல வரிசையாகப் போய்விடும். அதனால்தான் முதலில் இறுக்கமாக இருந்தது திடீரென்று இலேசானது.

“ஒழுகாம இருக்கறதுக்கு நட்டு காரணம் இல்ல, வாஷர்தான்” என்றார் மாமா. நட்டின் தலைக்கும் தொட்டிக்கும் நடுவில் இருக்கும் மென்மையான வாஷர் நசுங்கி இடைவெளியை அடைக்கிறது. ஒருமுறை நசுங்கியதைத் திரும்பப் போட்டால் சரியாக அடைக்காது. ஒழுகும். ஒழுகுகிறதே என்று இன்னும் இறுக்குவார்கள். மரை போகும். ஒரு வெள்ளிகூடப் பெறாத வாஷரை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பெரும்பாலான துளைகள் கெட்டுப்போகின்றன என்பது அவர் அனுபவம். நானும் பழைய வாஷரைத்தான் போட்டிருந்தேன். வெள்ளை நாடாவைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். நாடா மரைக்குப் பலம் தராது. கிழிந்த துணுக்கு உள்ளே போனால் எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும்.

எத்தனை வழி?

எண்ணெயை மீண்டும் வடித்துவிட்டு, வண்டியை மற்றொரு காரால் இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். போகும் வழியெல்லாம் மாமா ஒவ்வொரு வழியாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

துளையைவிடக் கொஞ்சம் பெரிய நட்டு ஒன்று கடைகளில் கிடைக்கிறது. அதன் நுனியிலேயே வெட்டும் பற்கள் இருக்கும். திருகத் திருகத் தனக்கான மரையைத் தானே வெட்டிக்கொண்டு உள்ளே போகும். மலிவு. அரை மணி நேர வேலை. ஆனால் நேராக ஏற்றுவது கடினம். கொஞ்சம் கோணலாகப் போனாலும் நட்டின் தலை ஒரு பக்கம்தான் உட்காரும், வாஷர் ஒரு பக்கம்தான் நசுங்கும், ஒழுக்கு நிற்காது. பிறகு துளை இன்னும் பெரிதாகியிருக்கும். ரப்பர் அடைப்பான்களும் இருக்கின்றன. வண்டியைப் பட்டறைவரை கொண்டுவர உதவும். அதோடு சரி.

இரண்டாவது, சுருள் செருகுவது. ஹெலிகாய்ல் என்ற பெயரில் எல்லாருக்கும் தெரியும். துளையைப் பெரிதாக்கி, புதிய மரை வெட்டி, அதில் எஃகுக் கம்பிச் சுருள் ஒன்றைத் திருகி வைத்தால், உள்ளே பழைய அளவு மரை கிடைத்துவிடும். அலுமினிய பாகங்களுக்கு அருமையான வழி. விமான என்ஜின்களிலிருந்து மோட்டார்சைக்கிள்வரை பயன்படுகிறது. அலுமினியம் மென்மையானது, எஃகுச் சுருள் அதற்குக் கவசம்போல. ஆனால் எண்ணெய் நட்டு அடிக்கடி கழற்றிப் பூட்டும் இடம். சில சமயம் சுருளும் நட்டோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். அதனால் கம்பிச் சுருளுக்குப் பதிலாக, உள்ளும் புறமும் மரையுள்ள கெட்டியான குழல் ஒன்றைச் செருகுவது மேல் என்பவர்களும் உண்டு.

எங்கள் கார்த் தொட்டி அலுமினிய வார்ப்பு இல்லை. அழுத்தி வளைத்த இரும்புத் தகடு. தகடு மெல்லியது, அதில் மரை வெட்ட முடியாது. அதனால் துளை இருக்கும் இடத்தில் தடித்த இரும்பு வளையம் ஒன்றைப் பற்றவைத்திருப்பார்கள். மரை அந்த வளையத்துக்குள்தான் இருக்கிறது. ஆகவே வேறு இரண்டு வழிகளும் இருந்தன. பழைய வளையத்தை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் பற்றவைக்கலாம். அல்லது தொட்டியையே மாற்றலாம். பற்றவைப்பதென்றால் தொட்டியைக் கழற்றி எண்ணெய்ப் பிசுக்குச் சொட்டுக்கூட இல்லாமல் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் தீப்பிடிக்கும். தகடும் சூட்டில் நெளியும். புதுத் தொட்டி அன்று பக்கத்துக் கடைகளில் இல்லை. வரவழைக்க இரண்டு மூன்று நாளாகும் என்றார்கள்.

மாமா வளையத்தின் கனத்தை அளந்து பார்த்தார். “சதை இருக்கு” என்றார். ஆகவே ஐந்தாவது வழி. துளையை ஒரு படி பெரிதாக்கி, எம்16 அளவில் புதிய மரை வெட்டி, எம்16 நட்டுப் போடுவது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. மரை வெட்டுவதற்கு முன் எந்த அளவில் துளை போட வேண்டும்? வெளிவிட்டத்திலிருந்து மரை இடைவெளியைக் கழித்தால் போதும். 16-இல் 1.5 போனால் 14.5 மில்லிமீட்டர். மரை முழுவதும் அறுந்த எங்கள் துளையோ ஏற்கெனவே கிட்டத்தட்ட 14 மில்லிமீட்டருக்கு விரிந்திருந்தது. அரை மில்லிமீட்டர் உலோகத்தை மட்டும் எடுத்தால் போதும். நான் பாழாக்கியதே அடுத்த வேலைக்குப் பாதி துளை போட்டதாக அமைந்துவிட்டது. இப்படி இன்ன விட்டத்துக்கு இன்ன இடைவெளி என்று யாரும் யாருக்கும் சொல்லிவைக்காத காலம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியது. ஒரு பட்டறையின் திருகு இன்னொன்றின் நட்டில் ஏறாது. 1841-இல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் எல்லாருக்கும் பொதுவாக 55 பாகைக் கோணத்தில் ஓர் அளவு முறையை முன்வைத்தார். இன்று நாம் பயன்படுத்தும் மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை. ஜப்பானில் வடிவமைத்த என்ஜினுக்கு மாசாய் கடையில் நட்டு கிடைப்பது அந்தப் பொது அளவு வந்ததால்தான்.

அரைச் சுற்று முன்னால், கால் சுற்றுப் பின்னால்

தொட்டியைக் கழற்றாமலேயே வேலையை முடிக்கலாம். பலர் அப்படித்தான் செய்வார்கள். வெட்டும் கருவியின் பள்ளங்களில் கிரீஸைத் தடவினால் உலோகத் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு மலிவான எண்ணெயைக் கொஞ்சம் ஊற்றிக் கழுவிவிடலாம். மாமாவுக்கு அதில் விருப்பமில்லை. “தூள் உள்ள விழுந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது. தெரியாததுக்கு நான் உத்தரவாதம் கொடுக்க மாட்டேன்” என்றார். நேரம் ஆனாலும் தொட்டியைக் கழற்றியே செய்தோம். உள்ளே பார்த்தபோது கரிய சேறு அடித்தட்டில் படிந்திருந்தது. என் வெள்ளை நாடாவின் துணுக்கு ஒன்றும் அதில் கிடந்தது. இரண்டுமே வெளியே வந்தது நல்லதாய்ப் போயிற்று.

மண்ணெண்ணெயில் கழுவி, வைஸில் கவ்வி, 14.5 துளைப்பானால் மெதுவாகத் துளையைச் சீராக்கினார். பிறகு மரை வெட்டும் ‘டேப்’பை என் கையில் கொடுத்தார். எனக்குக் கை நடுங்கியது.

“நீதானே கெடுத்த? நீயே வெட்டு.”

மூலைமட்டத்தை இரண்டு பக்கமும் வைத்து நேராக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். முதல் இரண்டு சுற்றுக்குள் கோணலைத் திருத்திவிடலாம். அதற்குப் பிறகு முடியாது. அரைச் சுற்று முன்னால், கால் சுற்றுப் பின்னால். பின்னால் திருப்பும்போது, வெட்டிய உலோகச் சீவல் முறிந்து விழும். அந்த முறிவு கைக்குத் தெரியும், ஒரு சின்ன ‘டக்’. முன்னாலேயே திருகிக்கொண்டு போனால் சீவல் அடைத்து டேப் உடைந்துவிடும். டேப் கடினமான எஃகு. துளைக்குள் உடைந்தால் அதை எடுக்கத் தனிப்பாடு. எண்ணெய் விடு, திருப்பு, பின்னால் எடு, துடை. இருபது நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். முன்தினம் நட்டு வெண்ணெயில் சுற்றியதுபோல் உணர்ந்த அதே மணிக்கட்டில், அன்று உலோகம் எதிர்ப்பதும் பிறகு இடம் கொடுப்பதும் தனித்தனியாகத் தெரிந்தது. காணொளியில் இது வராது.

தொட்டியைத் திரும்பக் கழுவி, காற்றடித்து, விளிம்பில் சிலிக்கான் தடவிப் பொருத்தினோம். அது காயும்வரை எண்ணெய் ஊற்றக் கூடாது. அந்த இடைவேளையில் மாமா தேத்தாரிக் வாங்கிக் கொடுத்தார். புது நட்டு, புது வாஷர். இந்த முறை டார்க் ஸ்பேனர். பெரிய நட்டாயிற்றே, அதிகமாக இறுக்க வேண்டாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். நசுங்க வேண்டியது வாஷர். அது நசுங்குவதற்கு முன்பு எவ்வளவு போதுமோ இப்போதும் அவ்வளவு போதும். 40-க்கு வைத்தார். ‘கிளிக்’ என்றதும் கையை எடுத்துவிடச் சொன்னார். இவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. என் பயத்துக்கு அது போதவில்லை. வாஷருக்குப் போதியது.

பழைய எண்ணெய் எங்கே?

வேலை முடிந்து கை கழுவும்போது மாமா கேட்டார், நேற்று வடித்த எண்ணெய் எங்கே என்று. வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய வாளியில் இருக்கிறது என்றேன். இருட்டிய பிறகு லோங்காங்கில் ஊற்றிவிடலாம் என்று இருந்ததையும் மறைக்காமல் சொன்னேன். ஒரே நாளில் இரண்டு உண்மை.

பாசீர் கூடாங் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இதைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2019 மார்ச் மாதம் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டியபோது நான் படிவம் 1. முதலில் ஆற்றுக்குப் பக்கத்துப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறல், வாந்தி. பிறகு வட்டாரத்தின் 111 பள்ளிகளையும் மூடினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் சிகிச்சைக்குப் போனார்கள். அம்மா ஈரத்துணியை முகத்தில் கட்டிவிட்டது நினைவிருக்கிறது. அதைக் கொட்டியவர்களை அன்று எப்படியெல்லாம் திட்டினோம்! அளவில் என் வாளிக்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்தான். ஆனால் இருட்டிய பிறகு ஊற்றலாம் என்று நினைத்ததில் வித்தியாசம் இல்லையே.

நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தர விதிமுறைகளின்படி, பயன்படுத்திய மசகு எண்ணெய் அட்டவணையிடப்பட்ட கழிவு. அதன் குறியீடு எஸ்டபிள்யூ 305. எண்ணெய் படிந்த பில்டரும் துணியும்கூட அந்தப் பட்டியலில் வேறொரு எண்ணில் வருகின்றன. மாமாவின் பட்டறை மூலையில் மூடியுள்ள பீப்பாய் ஒன்று இருக்கிறது. உரிமம் பெற்றவர்கள் வந்து எடுத்துச் செல்வார்கள். என் வாளியும் அதில்தான் சேர்ந்தது. வீட்டில் எண்ணெய் மாற்றுகிறவர்கள் பழைய எண்ணெயைப் புது எண்ணெய் வந்த புட்டியிலேயே ஊற்றி மூடி, பக்கத்துப் பட்டறையில் கேட்டுக் கொடுத்துவிடலாம்.

மாமாவின் சான்றிதழ்

பட்டறைச் சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சட்டம் மாட்டியிருந்தது. மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்கேஎம். நான் ஆச்சரியப்பட்டேன், மாமா கல்லூரிப் பக்கமே போகாதவர் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் அவர் போகவும் இல்லை. ஏற்கெனவே வேலை தெரிந்தவர்கள் தங்கள் அனுபவத்துக்கான சான்றுகளைக் காட்டி, மதிப்பீட்டுக்கு உட்பட்டு அந்தச் சான்றிதழைப் பெறும் வழி ஒன்றைத் திறன் மேம்பாட்டுத் துறை வைத்திருக்கிறது. பிபிடி என்பார்கள். 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் இந்தச் சான்றிதழ்களுக்கு அடிப்படை. எஸ்கேஎம் மூன்று நிலை, அதற்கு மேல் நான்காம் நிலையில் டிப்ளோமா, ஐந்தாம் நிலையில் உயர் டிப்ளோமா.

அன்றுவரை திறன் பயிற்சி என்றால் தேர்வில் சரியாகச் செய்யாதவர்கள் போகும் இடம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். நம் வீடுகளில் அந்த எண்ணம் இன்னும் போகவில்லை என்பது என் கருத்து. ஜொகூரிலேயே பாசீர் கூடாங்கில் தொழிற்பயிற்சி நிலையமும் இப்ராஹிம் சுல்தான் பொலிடெக்னிக்கும் இருக்கின்றன. பத்து பகாட்டில் அட்டெக் இருக்கிறது. பல ஊர்களில் தொழிற்கல்லூரிகள் இருக்கின்றன. எஸ்பிஎம் முடிவு வந்தபோது நான் இயந்திரத் துறையை முதல் விருப்பமாக எழுதினேன். கையால் செய்த வேலைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு எனக்குத் தேவைப்பட்டது. மாமாவுக்கு அந்தக் கணக்கு தேவைப்படவில்லை, அவர் கைக்கே தெரிந்திருந்தது. எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

மாலை அப்பா வேலை முடிந்து வந்ததும் காரின் அடியில் புதிதாக ஓர் அட்டையை விரித்தார். இரவு ஒருமுறை, காலையில் ஒருமுறை பார்த்தார். அட்டை காய்ந்திருந்தது. செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் வழக்கம்போலக் காரில் கிளம்பினார்கள். கூலியில் கொஞ்சம் தள்ளுபடி, மீதிக்கு மூன்று சனிக்கிழமை பட்டறையில் வந்து கூட்டிப் பெருக்கச் சொன்னார் மாமா. மூன்று முடிந்த பிறகும் போய்க்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு அந்தக் காருக்கு நான்கு முறை எண்ணெய் மாற்றியாகிவிட்டது. மாமா பழைய ஸ்டாண்ட் இரண்டைக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் நட்டு ஒரு கையால் கழன்று வருகிறது. அறுந்த மரைச் சுருள் என் பென்சில் பெட்டியில் இருக்கிறது. இரும்புக் குழாயை அப்பா எடுத்துக்கொண்டார். அம்மாவின் பாகற்கொடிக்கு அதை ஊன்றியிருக்கிறார்.